வெள்ளிக்கிழமை ஆபீஸ்

குதைபியா, மனாமா
8 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி தியாகுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே பஹ்ரைனில் நானும் உன் மச்சானும் ஏ.சி. புண்ணியத்தில் நலம். அங்கே நீயும் பிருந்தாவும் அம்மாவும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

போனில் கேட்டால், “வரி சமாச்சாரமெல்லாம் வாய்ப்பேச்சுல ஆகாதுக்கா, எழுதி அனுப்பு” என்கிறாய். கூடப்பிறந்தவளிடமே ஆடிட்டர் பந்தா! சரி, எழுதிவிட்டேன். பெண்டாட்டியாச்சே என்று இதை நீ பிருந்தாவிடம்கூடக் காட்டக் கூடாது.

நான் வேலையை விடவில்லைடா. கல்யாணமாகிக் கிளம்பும்போது ராஜினாமா கொடுத்தது நிஜம். சென்னை மேனேஜர் அதை வாங்கவே இல்லை. “எங்க இருந்தா என்ன, லேப்டாப் இருந்தாப் போதும்” என்றுவிட்டார். இங்கே இறங்கியதும் இந்தச் சந்தோஷத்தை உன் மச்சானிடம் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன். ஏர்போர்ட்டில் பார்த்தால் பூங்கொத்தோடு பத்துப் பேர் நிற்கிறார்கள். “இவங்கதான் ராதா. எனக்காக வேலையையே தூக்கிப் போட்டுட்டு வந்தவங்க” என்று அவர் சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் எப்படிடா சொல்வது? அப்புறம் எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும் சாம்பார் வருவதற்குள் என் தியாகம் வந்துவிடுகிறது. இப்போது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதத்திலிருந்து அவர் ஆறரைக்கே ஆபீஸ் போய்விடுவது எனக்கு வசதி. சென்னையில் ஒன்பதரை என்றால் இங்கே ஏழு. வெள்ளிக்கிழமைதான் வில்லங்கம். இங்கே வெள்ளியும் சனியும் லீவு, சென்னைக்கு வெள்ளி வேலை நாள். அன்றைக்கு மட்டும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பூஜை என்று சொல்லிவிடுகிறேன். ஊதுபத்தி ஏற்றிவைத்து மீட்டிங்கில் உட்காருகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்னைக் கம்பெனி மாதாமாதம் வருமான வரி பிடிக்கிறது. வரியே இல்லாத ஊரில் உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்கு வரி ஏன்?

பதிலை மெயிலில் மட்டும் போடு.

உன் அக்கா,
ராதா


மனாமா
15 செப்டம்பர் 2024

அன்பு மாப்ளே தியாகு,

நலம், நலமறிய ஆவல். அத்தையை நான் விசாரித்ததாகச் சொல். மதுரையில் மழை பெய்ததாமே, இங்கே நாங்கள் வெந்துகொண்டிருக்கிறோம்.

இது உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கட்டும். உன் அக்காவுக்குத் தெரிந்தால் நான் தொலைந்தேன். ஆகஸ்டில் எனக்கு வேலை போய்விட்டது. கம்பெனியில் பாதிப் பேரை “கலாஸ், முடிஞ்சது” என்று அனுப்பிவிட்டார்கள். விசா எடுத்துக் கொடுத்த கஃபீல் நல்ல மனுஷர். மே மாதம் வரை விசாவில் கைவைக்க மாட்டேன் என்றிருக்கிறார்.

பழைய சிநேகிதன் மூலமாக கோயம்புத்தூர் மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றில் டிசைன் வேலை கிடைத்திருக்கிறது. இங்கிருந்தே லேப்டாப்பில் செய்துகொடுக்கலாம். ஆனால் வீட்டில் உட்கார முடியுமா? ராதா எனக்காக வேலையை விட்டுவிட்டு வந்தவள். அவளிடம் போய் எனக்கு வேலை இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்? அதனால் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, பின்தெருவில் முகம்மது ரிபாய் பாயின் தையல் கடைக்குப் போய்விடுகிறேன். உள்ளறையில் ஜாக்கெட் துணிக்கு நடுவில் ஒரு மேசை. வெள்ளிக்கிழமையும் கோயம்புத்தூரில் வேலை உண்டு, அன்றைக்கு “பாயைப் பார்த்துட்டு வர்றேன்” என்று நழுவுகிறேன். நல்லவேளையாக அன்று அவள் பூஜையில் இருப்பாள்.

மே மாதத்துக்குள் வளைகுடாவில் வேறு வேலை கிடைத்தால் அவளுக்குத் தெரியாமலே முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் அவளுடைய தியாகமும் வீண், நானும் வீண்.

கம்பெனி வரி பிடிக்கிறதே, அதற்கு என்ன வழி?

அன்புடன்,
ஷ்யாம்


மதுரை
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் தேவலை, வாய்தான் முன்னைவிட வேகம்.

சட்டம் இரண்டு கேள்விதான் கேட்கும். எங்கே உட்கார்ந்து வேலை செய்தாய்? சம்பளம் முதலில் எந்த ஊர் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது? வருஷத்தில் பெரும்பகுதி வெளிநாட்டில் இருந்து, வேலையையும் அங்கேயே செய்து, சம்பளமும் நேரே அங்குள்ள கணக்குக்கு வந்தால் அதற்கு இங்கே வரி இல்லை. உன் சம்பளம் இந்தியக் கணக்கில் விழுகிறது, அதனால்தான் பிடிக்கிறார்கள். இதுவரை வாங்கியதற்கு வரி வரியேதான், அழாதே. இனிமேல் பஹ்ரைன் கணக்கில் போடச் சொல்லிக் கம்பெனிக்கு எழுது.

இது ஆடிட்டராகச் சொன்னது. தம்பியாகச் சொல்கிறேன், மச்சானிடம் உண்மையைச் சொல்லிவிடு. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். கட்சிக்காரர் ரகசியம் என்று ஒன்று இருக்கிறது.

உன் தம்பி,
தியாகு


மதுரை
22 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். வேலை போனது கேட்டு வருத்தப்பட்டேன்.

சட்டம் இரண்டு கேள்விதான் கேட்கும். எங்கே உட்கார்ந்து வேலை செய்தீர்கள்? சம்பளம் முதலில் எந்த ஊர் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது? பஹ்ரைன் கணக்கில் போடச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதுங்கள்.

இது ஆடிட்டராகச் சொன்னது. மாப்பிள்ளையாகச் சொல்கிறேன், அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவள் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. இதற்குமேல் நான் எழுத முடியாது.

தங்கள்,
தியாகு


குதைபியா
16 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

நலம். அம்மாவுக்கு இங்கிருந்து நல்ல பேரீச்சை அனுப்பியிருக்கிறேன், வந்ததா?

ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. சென்னையிலும் லீவு என்பதால் நிஜமாகவே சாமி கும்பிட்டேன். அவரும் அன்றைக்குப் பாய் கடைக்குப் போகவில்லை, அதிசயம். அவர் லேப்டாப்பை நடுவில் வைத்துப் பொட்டு வைத்தோம். என்னுடையது அலமாரியில் போர்வைக்குள் கிடந்தது. எனக்குச் சோறு போடுவதும் அதுதானே? மனசு கேட்காமல் அவர் குளிக்கப் போனபோது அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். திங்கட்கிழமை மீட்டிங்கில் மேனேஜர், “ராதா, ஸ்கிரீன்ல பாதி செவப்பா இருக்கு, உங்களுக்கு உடம்புக்கு ஏதும்?” என்று பதறிவிட்டார். கேமரா மேலேயே வைத்துவிட்டிருக்கிறேன்.

எங்கள் ஹெச்.ஆர். சம்மதித்துவிட்டார்கள். காகிதங்கள் முடிந்து ஜனவரிச் சம்பளம் நேரே இங்கே வரும். எனக்கென்று தனிக் கணக்கு இங்கே இல்லை. அவரும் நானும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கின் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறேன். உனக்கும் அதை இணைத்திருக்கிறேன். அவர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

ஒன்று கேட்கவா? அவர் சட்டையில் தினம் கலர் கலராக நூல் ஒட்டியிருக்கிறது. நேற்று ஜரிகை. பாயின் தையல் கடைக்குப் போவது வெள்ளிக்கிழமை மட்டும்தானே, ஆபீஸில் ஏதுடா ஜரிகை? கேட்டால் எனக்கும் கேள்வி வரும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

ராதா


மனாமா
10 நவம்பர் 2024

அன்பு மாப்ளே,

தீபாவளி நன்றாக நடந்ததா? இங்கே பலகாரமெல்லாம் ராதாவே செய்தாள். எனக்கு மட்டும் எதுவும் இறங்கவில்லை.

கோயம்புத்தூர்க்காரர்கள் ஜனவரியிலிருந்து பஹ்ரைன் கணக்கில் போடுகிறார்கள். பழைய சம்பளக் கணக்கை மூடிவிட்டேன். ராதாவோடு சேர்ந்த கணக்கு ஒன்று இருக்கிறது, அந்த எண்ணை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவளுக்கு அதன் பாஸ்வேர்டுகூட ஞாபகம் இருக்காது.

மாப்ளே, உன் அக்காவை நினைத்தால் பயமாக இருக்கிறது. பக்தி முற்றிக்கொண்டே போகிறது. வெள்ளிக்கிழமை கதவைச் சாத்தினால் மத்தியானம் வரை வெளியே வருவதில்லை. உள்ளே ஏதோ முணுமுணுவென்று சத்தம். போன வாரம் காதை வைத்துக் கேட்டேன், “எஸ், எஸ், ஷ்யூர்” என்கிறாள். சாமியிடம் இங்கிலீஷில் பேசுகிறாளாப்பா? வேலையை விட்ட ஏக்கத்தில் மனசு ஒடிந்துவிட்டாளோ என்று நான் தனியாக உட்கார்ந்து அழாத குறை. எல்லாம் என்னால்தான்.

கத்தாரில் ராஸ் லஃபான் எரிவாயு நகரத்தில் ஒரு வேலைக்கு ஆன்லைனில் நேர்காணல் முடித்திருக்கிறேன். சம்பளம் பரவாயில்லை. ஆனால் கேம்ப்பில்தான் தங்க வேண்டும், குடும்பத்துக்கு இடமில்லை. கிடைத்தால் அவளை மதுரைக்கு அனுப்ப வேண்டிவரும். வேலை போனதை அப்போதும் சொல்ல வேண்டியதில்லை. பிரமோஷன், டிரான்ஸ்பர் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவள் இல்லாமல் நான் எப்படி இருப்பேன்?

அவளுக்குத் தெரியாமல் அவளை ஒரு டாக்டரிடம் காட்ட வழி உண்டா?

ஷ்யாம்


மதுரை
14 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நலம். பேரீச்சை வந்தது, அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அந்தக் கூட்டுக் கணக்கு வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். ஏன் என்று கேட்காதே, சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறேன். உன் பெயரில் தனிக் கணக்குத் திற. அல்லது மச்சானிடம் பேசு. பேசுவது சுலபம், செலவும் இல்லை.

ஜரிகையைப் பற்றி வீணாகக் கற்பனை செய்யாதே. மச்சான் தங்கமான மனுஷர். இதை நான் ஆடிட்டராகவும் சொல்கிறேன், தம்பியாகவும் சொல்கிறேன்.

மச்சானுக்கும் இப்போதுதான் ஒரு கடிதம் எழுதி முடித்தேன். சும்மா, நலம் விசாரித்து.

தியாகு


குதைபியா
19 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

நலமா? உன் கடிதத்துக்குப் பதில் போடத் தாமதமாகிவிட்டது. தனிக் கணக்குத் திறக்கப் போனேன். வங்கியில் கணவர் வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு சான்று கேட்கிறார்கள். அவரிடம் எப்படிக் கேட்பேன்? போகட்டும், கூட்டுக் கணக்கிலேயே வரட்டும்.

இந்த வாரம் நான் செத்துப் பிழைத்தேன். பஹ்ரைன் தேசிய தினம், இரண்டு நாள் ஊரெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகக் கொடி, உன் மச்சானுக்கு லீவு, வீட்டிலேயே இருந்தார். சென்னையில் எவனுக்கு லீவு? திங்கட்கிழமை என்ன பூஜை என்று சொல்வது? கார்த்திகை, மார்கழி என்று ஒப்பேற்றினேன். பாவம், அவர் முகத்தில் அத்தனை கவலை. கதவுக்கு வெளியே நின்று, “ராதா, கொஞ்சம் வெளிய வந்து காத்தாட நடப்போமா?” என்று கேட்டார். நான் உள்ளே மைக்கை அமுக்கிக்கொண்டு, “இன்னும் அர்ச்சனை முடியலங்க” என்றேன். அடுத்த நிமிஷமே பாய் கடைக்கு ஓடிவிட்டார். அத்தனை அன்பாகக் கூப்பிட்டுவிட்டு ஏன் இப்படி ஓட வேண்டும்? தியாகு, அங்கே வேறு யாரோ இருக்கிறார்கள். நிச்சயம்.

எனக்குச் சம்பளம் இருக்கிறது, சோறு இருக்கிறது. அவர் வேண்டும்டா எனக்கு. அதுதான் என் கஷ்டம்.

ராதா


குதைபியா
31 ஜனவரி 2025

தம்பி, அவசரம். எல்லோரும் நலமென்று நம்புகிறேன்.

இன்று வெள்ளி. சாயங்காலம் கூடத்தில் இருவரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் போனும் டிங் என்றது, உடனே இன்னொரு டிங். சமையலறைக்கு ஓடிவந்து பார்த்தேன். என் சம்பளம் வந்துவிட்டது. கூடவே ஏதோ கோயம்புத்தூர் மோட்டார் பம்பு கம்பெனி சம்பளம் என்று இன்னொரு தொகை. எவன் சம்பளமோ தவறி நம் கணக்கில் விழுந்துவிட்டது. அந்தக் குடும்பம் அங்கே என்ன பாடுபடுகிறதோ! எப்படித் திருப்பி அனுப்புவது? இதற்கும் நான் வரி கட்ட வேண்டுமா?

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருக்கிறது.

ராதா


மனாமா
31 ஜனவரி 2025

மாப்ளே,

நலம் விசாரிக்க நேரமில்லை, குளியலறையிலிருந்து எழுதுகிறேன். என் சம்பளத்தோடு சென்னை சாப்ட்வேர் கம்பெனி எதிலிருந்தோ இன்னொரு பெரிய தொகை வந்திருக்கிறது. வங்கிக்காரன் தவறு. போலீஸ் கேஸ் ஏதும் ஆகுமா? ராதா பார்ப்பதற்குள் திருப்பி அனுப்பிவிடத் துடிக்கிறேன். அவள் சமையலறையில் இருக்கிறாள், ஒன்றும் தெரியாத அப்பாவி.

ஷ்யாம்


மதுரை
31 ஜனவரி 2025

அக்காவுக்கும் மச்சானுக்கும்,

முதல் முறையாக ஒரே மெயில் இருவருக்கும் போடுகிறேன். யாரும் எதையும் திருப்பி அனுப்ப வேண்டாம். வங்கி எந்தத் தவறும் செய்யவில்லை. அக்கா, சமையலறையை விட்டு வெளியே வா. மச்சான், குளியலறையை விட்டு வெளியே வாருங்கள். கூடத்தில் உட்கார்ந்து, அந்த இன்னொரு தொகை யாருடையது என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள்.

தியாகு


மதுரை
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

நீங்கள் இருவரும் நலமா? இதைச் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. மூன்று வாரமாகப் பதில் இல்லை, போனை எடுப்பதில்லை. அம்மா கேட்டால் நெட்வொர்க் சரியில்லை என்று புளுகிக்கொண்டிருக்கிறேன். பிருந்தா, “உங்க முகத்துல ஏதோ இருக்கே” என்கிறாள்.

நான் எழுத்தில் எச்சரித்தேன் என்பதற்கு நகல் இருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

தியாகு


குதைபியா, மனாமா
14 மார்ச் 2025

தம்பி தியாகுவுக்கு,

நாங்கள் நலம். “நாங்கள்” என்பதைக் கவனி.

அன்றைக்கு நான்தான் முதலில் கேட்டேன். “அந்தக் கோயம்புத்தூர் பணம் யாருதுங்க?” அவர் முகம் வெளிறிப்போய், “அந்தச் சென்னைப் பணம் யாரோடது?” என்றார். அப்புறம் எல்லாம் வந்தது. நான் சொன்னதைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “அப்ப வெள்ளிக்கிழமை பூஜை?” மீட்டிங் என்றேன். “சாமிகிட்ட இங்கிலீஷ்ல பேசினது?” மேனேஜரிடம் என்றேன். அப்படியே சோபாவில் சாய்ந்து, “ஐயோ, உனக்கு ஒண்ணும் இல்லயா! உனக்கு ஒண்ணும் இல்லயா!” என்று அழுதுகொண்டே சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. வேலை போனதற்கு எனக்குக் கோபம் கிடையாது. நான் கட்டிக்கொடுத்த தக்காளிச் சாதத்தை அந்தத் தையல் கடை மூலையில் தனியாக உட்கார்ந்து தின்றிருக்கிறாரே, அதை நினைத்து நினைத்து அழுதேன். அவரைப் போய் நான் என்னென்னவோ அசிங்கமாகச் சந்தேகப்பட்டிருக்கிறேன். பத்து நாள் இருவரும் சரியாகப் பேசவில்லை. நான் யோக்கியமில்லை என்று எனக்கும், தான் யோக்கியமில்லை என்று அவருக்கும் தெரியும். பேச்சை யார் ஆரம்பிப்பது? உன் சட்டம் யார் எவரென்று தெரியாதவர்களிடம்கூட முதலில் கேட்கிற ‘எங்கே உட்கார்ந்து வேலை செய்தாய்’ என்ற கேள்வியை, ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

ராஸ் லஃபான் வேலை கிடைத்துவிட்டது. தகவல் வந்த நிமிஷமே லேப்டாப்பைத் திருப்பி என்னிடம் காட்டினார். நல்ல சம்பளம், வரி இல்லை, தனியாளாகக் கேம்ப். “என்ன சொல்ற?” என்றார். “எனக்குப் பிடிக்கல” என்றேன். “எனக்கும்தான்” என்று சொல்லி, என் கண்முன்னாலேயே வேண்டாம் என்று எழுதினார். மே மாதம் விசா முடிந்ததும் மதுரைக்கு வருகிறோம். வேலை இரண்டும் எங்களோடேயே வருகிறது. வந்து உட்கார்ந்தால் இருவர் சம்பளத்துக்கும் வரி உண்டு என்று எங்களுக்கே தெரியும், கணக்குப் போட்டு அனுப்பாதே. கட்டிவிட்டுச் சேர்ந்து இருக்கிறோம்.

இனி அவர் எழுதுகிறாராம்.

மாப்ளே, ஷ்யாம். என் பெண்டாட்டிக்கு மனசு சரியில்லை என்று நான் அழுதபோது, அவள் மீட்டிங்கில் இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். எனக்கு எவளோ இருக்கிறாள் என்று அவள் அழுதபோது, நான் தையல் கடையில் இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. உன்மேல் உள்ள கோபம் மட்டும் இருவருக்கும் அப்படியே இருக்கிறது. அதைப் பேசிப் பேசித்தான் நாங்கள் சமாதானமானோம், அந்தவகையில் உனக்கு நன்றி.

மறுபடியும் நான்தான், ராதா. ஆடிட்டரை மாற்றிவிட்டோம். இந்த வருஷத்திலிருந்து எங்கள் கணக்கைப் பிருந்தா பார்ப்பாள். அவளும் உன் ஆபீஸில் பக்கத்து மேசையில் இருக்கிற ஆடிட்டர்தானே? நேற்று போனில் எல்லாவற்றையும் சொன்னேன். “அண்ணி, எனக்கு முதல் லெட்டர் வந்திருந்தா அன்னிக்கே உங்க ரெண்டு பேரையும் ஒரே கால்ல போட்டு, என்ன நடக்குது அங்கன்னு கேட்டிருப்பேன்” என்றாள். எங்களுக்கு அப்படிப்பட்ட ஆடிட்டர்தான் வேண்டும்.

பிருந்தா உன்னிடம் தனியாகப் பேச வேண்டுமென்று சொன்னாள், அந்தக் குரலே சரியில்லை. அம்மாவை விசாரித்ததாகச் சொல். உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
ராதா, ஷ்யாம்